முட்டை நுழையாத வீடு

பிராணிகளுக்குள்ளே பன்றியைப் போல் நம்மிடம் இரண்டு விதமான மரியாதை பெற்றது வேறொன்று உண்டா என்பது சந்தேகம். மகாவிஷ்ணு பூமிதேவியை மீட்பதற்காக எடுத்த உருவம் அது. தாயை இழந்த பன்றிக் குட்டிகளுக்கு மதுரைச் சோமசுந்தரக் கடவுள் தாமே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் திருவிடந்தை என்னும் க்ஷேத்திரத்தில், தடைப்பட்ட கல்யாணம் கைகூட வேண்டுமென்று கழுத்தில் மாலையுடன் வராகப் பெருமாளைப் பிரதட்சிணம் செய்கிற பிள்ளைகளையும் பெண்களையும் இன்றைக்கும் காணலாம். ஆனால் கோயில் வாசலைத் தாண்டியவுடனே அதே பிராணியின் பெயர் வசைச்சொல்லாகிவிடுகிறது. சாப்பாட்டு வேளையில் அந்தப் பெயரைச் சொன்னாலே இலையை விட்டு எழுந்துவிடுகிறவர்கள் மயிலாப்பூர்ப் பக்கத்தில் அநேகம் பேர். எங்கள் வீட்டார் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

ஆகையால், ஏழு வருஷங்களுக்கு முன்பு ஒரு டாக்டர் எங்களை எதிரே உட்காரவைத்து, மிகவும் சாந்தமான குரலில், "உங்கள் பெண்ணின் மூளையில் இருப்பது பன்றி நாடாப்புழுவின் இளம்புழு" என்று சொன்னபோது, சற்று நேரம் ஒருவருக்கும் பேச்சு எழவில்லை. கடைசியில் என் தாயார்தான் வாயைத் திறந்தாள்.

"டாக்டர், எங்கள் வீட்டில் கோழி முட்டைகூட நுழைந்தது கிடையாது. பன்றிப் புழு எப்படி நுழையும்?"

"நுழைந்தது முட்டைதான் அம்மா. ஆனால் கோழியினுடையது அல்ல" என்றார் டாக்டர்.

நடந்த சங்கதி இதுதான். என் தம்பியின் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரைக் கையில் எடுத்தவளுக்கு வலது கை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. டம்ளர் உருண்டது, வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று, பெண் ஸ்மரணை தப்பித் தரையில் விழுந்தாள். இரண்டு மூன்று நிமிஷங்களுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் அந்த நிமிஷங்கள் எவ்வளவு நீளமானவை என்பதைப் பார்த்தவர்களே அறிவார்கள். யாரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்கள். வேறொருவர் பற்களுக்கு நடுவே கரண்டிக் காம்பைச் செருகப் போனார். நல்ல வேளையாக எதிர்வீட்டு மருத்துவக் கல்லூரி மாணவன் ஓடிவந்து அதைத் தடுத்து, பெண்ணை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்தான். செய்யவேண்டியது அவ்வளவுதானாம். இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை. வாயில் திணித்த பொருள் பல்லை உடைக்கும், மூச்சை அடைக்கும். வலிப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாசகர்கள் இந்த நாலு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதை மறந்தாலும் பாதகமில்லை.

ஸ்கேன் படத்தில் மூளையின் இடது பக்கத்தில் மோதிரம் போல ஒரு சிறு வட்டம் தெரிந்தது. ஒரு பட்டாணியைவிடப் பெரிதல்ல. அந்த வட்டத்துக்குத்தான் டாக்டர் பெயர் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஆட்டோவில் ஒருவரும் நோயைப் பற்றிப் பேசவில்லை. "வெளியில் மூச்சு விடாதீர்கள்" என்ற பேச்சுத்தான். வலிப்பு என்றால் கல்யாணம் ஆகாது. பன்றி என்றால் மானம் போகும். இரண்டும் ஒருமித்து வந்தால் என்ன செய்வது? அடுத்தபடி, வீட்டில் இருபது வருஷமாகச் சமையல் செய்துவந்த அம்மாளின் பேரில் எல்லோருடைய பார்வையும் போயிற்று. அவள் பட்டினப்பாக்கத்துக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். "அவள் என்ன சாப்பிடுகிறாளோ, யார் கண்டார்கள்?" என்று என் தம்பி மனைவி சொன்னாள். அந்த அம்மாளுக்கு அன்று மாலையே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவதென்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

இவ்விடத்தில் அந்தப் புழுவின் ஜாதகத்தைச் சற்று விவரமாகச் சொல்லியாக வேண்டும். வளர்ந்த நாடாப்புழு குடியிருக்கும் இடம் பன்றியின் வயிறு அன்று. மனிதனுடைய குடல் ஒன்றே அதற்கு இயற்கையான வீடு. தலை குண்டூசியின் கொண்டையளவு. அதில் நான்கு உறிஞ்சு வாய்களும் கொக்கிகள் இரண்டு வரிசையும் உண்டு. உடலோ இரண்டு மூன்று மீட்டர், சில சமயம் இன்னும் அதிகம். பட்டை நாடாவில் நூற்றுக்கணக்கான கணுக்களைக் கோத்தாற்போல் இருக்கும். முற்றிய கணுக்கள் ஒன்றிரண்டாக அறுந்து மலத்தோடு வெளியேறும். ஒரு கணுவுக்குள் 50,000 முட்டைகள் வரையில் இருக்கலாம். இத்தனைக்கும், குடலில் இதைச் சுமக்கிறவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. வருஷக் கணக்கில் சுமந்துகொண்டு சௌக்கியமாக நடமாடுவார்.

அவர் வெட்டவெளியில் மலங்கழித்தால், அங்கே மேய வரும் பன்றி அதைத் தின்கிறது. முட்டையிலிருந்து வெளிப்பட்ட கரு பன்றியின் குடலைத் துளைத்து, இரத்தத்தில் மிதந்து, தசைகளில் தங்கி, இரண்டு மூன்று மாதங்களில் வெந்த ஜவ்வரிசி போன்ற கொப்புளமாகிறது. அந்த இறைச்சியை அரைவேக்காடாகத் தின்கிறவனுடைய குடலில் கொப்புளத்துக்குள் இருந்த தலை ஒட்டிக்கொண்டு மறுபடி நாடாவாக வளர்கிறது. மனிதனிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு. இது ஒரு சக்கரம். பன்றியின் பங்கு இதோடு முடிந்தது.

மூளையில் வரும் நோய்க்குப் பன்றி இறைச்சியோடு நேர் சம்பந்தம் கிடையாது. குடலில் புழு உள்ளவர் கையை ஒழுங்காகக் கழுவாவிட்டால், நகக்கண்ணில் ஒட்டிய முட்டை சோற்றுக்கு வருகிறது, தண்ணீருக்கு வருகிறது. அதை விழுங்கியவர் மனிதரா, பன்றியா என்று புழு விசாரிப்பதில்லை. பன்றிக்குள் செய்யும் காரியத்தையே மனிதருக்குள்ளும் செய்கிறது. தசைக்குப் போகிறது, கண்ணுக்குப் போகிறது, மூளைக்குப் போகிறது. பன்றி இறைச்சியை வேகாமல் தின்றவருக்கு வயிற்றில் நாடாப்புழு. மனித மலத்தை அறியாமல் உண்டவருக்கு மூளையில் இளம்புழு. இவ்வளவு கடுமையாகச் சொல்லவேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். மிருதுவாகச் சொல்லிச் சொல்லித்தான் விஷயம் ஒருவருக்கும் விளங்காமல் போயிற்று என்பது என் அபிப்பிராயம்.

இதை ருசுப்படுத்திய முறைகளில் ஒன்று கேட்கவே கூசும்படியானது. ஜெர்மனியில் கூகென்மைஸ்டர் என்னும் வைத்தியர் 1855-ஆம் வருஷத்தில், மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதிக்கு, அவனுக்குத் தெரியாமல், உணவில் பன்றித் தசைக் கொப்புளங்களைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பிறகு குடலைப் பரிசோதித்தபோது குட்டி நாடாப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே பெல்ஜிய சாஸ்திரி வான் பெனிடன் பன்றிக்குப் புழு முட்டையைத் தின்னக்கொடுத்து அதன் தசையில் கொப்புளம் உண்டாவதைக் காட்டிவிட்டார். இருவரையும் சேர்த்துப் பார்த்தால் சக்கரம் பூர்த்தியாகிறது.

நான் வசிப்பது சாந்தோமில். போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஊர் இது. கிழக்கே கடலும் மீனவர் குப்பங்களும். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். நடுவே 1896-இல் இப்போதைய வடிவில் எழும்பிய தோமையார் மாதாகோயிலின் வெண்கோபுரம். அதன் மணி ஓசையும் கபாலீசுவரர் கோயில் நாகஸ்வரமும் காற்றின் திசைக்குத் தக்கபடி எங்கள் வீட்டு மாடிக்கு வந்து சேரும். பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவப் பாட்டியார் இருக்கிறார். கிறிஸ்மஸ் காலத்தில் அவர் வீட்டில் விந்தாலு சமைப்பார்கள். காடியும் பூண்டும் மிளகாயும் சேர்த்துப் பன்றி இறைச்சியை முதல் நாளே ஊறவைத்து, மறுநாள் நெடுநேரம் வேகவைப்பது அவர்களுடைய சம்பிரதாயம். அந்தப் பெயரே போர்த்துகீசிய பாஷையிலிருந்து வந்ததுதான்.

எங்கள் வீட்டு ரகசியம் மூன்றாம் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. சுவருக்கு அப்பால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எழுபது வருஷமாய்த் தின்றவள் நான். எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கா வந்தது?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை; கண்ணில் நீர் இருந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. நன்றாக வெந்த இறைச்சியில் கொப்புளம் உயிரோடிருப்பதில்லை. அவர் தின்றது அவரைத் தொடவில்லை. நாங்கள் தின்னாதது எங்களைக் காப்பாற்றவுமில்லை.

மடி, ஆசாரம் என்று நாங்கள் கட்டிக்கொண்ட வேலி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று அன்றைக்குத்தான் கணக்குப் பார்க்க நேர்ந்தது. கால் கழுவி உள்ளே வருவதும், சாப்பிடுமுன் கை கழுவுவதும் மெத்த நல்ல வழக்கங்கள். ஆனால் சோப்பில்லாமல் விரல் நுனியை நனைப்பது சடங்கேயொழியச் சுத்தமாகாது. இந்த முட்டைக்கு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. ஈரமான மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒருவர் தீண்டினால் ஸ்நானம் செய்த நம் முன்னோர் எந்த நீரில் ஸ்நானம் செய்தார்கள் என்பதைக் கவனித்தார்களா?

இந்தச் சந்தர்ப்பத்தில் முட்டைக்கோசைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காய்கறிக்குள் இருக்கும் பச்சைப் புழு மூளைக்கு ஏறிவிடும் என்று சொல்லி, அதை வீட்டுக்குள் சேர்க்காத குடும்பங்களை நான் அறிவேன். அந்தப் பச்சைப் புழு வண்ணத்துப்பூச்சியின் குழந்தை; அது நம்மிடம் வந்து செய்வதற்கு ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரிகிற புழுவைக் கண்டு பயந்து, கண்ணுக்குத் தெரியாத முட்டையை விட்டுவிடுகிறோம். பச்சையாகத் தின்னும் காய்கறியைக் கழுவ வேண்டியதுதான். ஆனால் இந்த நோயில் காய்கறியைவிட முக்கியமானது, ஒரே வீட்டில் அல்லது அண்டையில், குடலில் புழுவோடு நடமாடும் ஒரு மனிதரின் கை.

சென்னைக்கும் இந்த நோய்க்கும் உள்ள சம்பந்தம் நேற்று ஏற்பட்டதன்று. இந்தியாவில் இதைப் பற்றிய முதல் வைத்தியக் குறிப்பே சென்னையைச் சேர்ந்தது. 1888-ஆம் வருஷத்தில் ஆர்ம்ஸ்டிராங் என்னும் டாக்டர், வலிப்பு கண்டு இறந்துபோன ஒரு கூலியின் உடலில் இந்தக் கொப்புளங்களைக் கண்டதாக எழுதிவைத்தார். வைத்திய சரித்திரத்தில் அந்த மனிதனுக்குப் பெயர் இல்லை; "கூலி" என்பதே பெயர். 1912-இல் கிருஷ்ணஸ்வாமி என்னும் நம்மவர் ஒருவர், தசையிலும் இருதயத்திலும் மூளையிலும் ஏராளமான கொப்புளங்கள் இருந்ததைப் பிரேத பரிசோதனையில் கண்டு வெளியிட்டார். அதன் பிறகும் விஷயம் பெரிதாகப் பேசப்படவில்லை.

பேச்சுக் கிளம்பியது பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வலிப்புக் கண்ட பிறகு. இந்தியாவில் சேவகம் செய்து திரும்பிய ஆரோக்கியமான வாலிபர்களுக்குச் சில வருஷங்கள் கழித்துத் திடீரென்று வலிப்பு வந்தது. பரம்பரை நோய் என்றும், சித்தப்பிரமை என்றும் சொல்லப்பட்டு அநேகர் பட்டாளத்தை விட்டு நீக்கப்பட்டார்கள். மக்ஆர்தர் என்ற ராணுவ வைத்தியர் அவர்களுடைய தோலுக்கடியில் சிறு முடிச்சுகள் இருப்பதைக் கவனித்து, 1930-களில் உண்மையை வெளிப்படுத்தினார். பின்னால் டிக்ஸனும் லிப்ஸ்கோமும் 1961-இல் வெளியிட்ட அறிக்கையில் இப்படிப்பட்ட 450 பேருடைய சரித்திரம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்தவர்கள். முட்டை உள்ளே போவதற்கும் வலிப்பு வருவதற்கும் இடையே பல வருஷங்கள் கழியலாம் என்பது அந்தச் சிப்பாய்களைப் பார்த்தே உலகத்துக்குத் தெரிந்தது. கப்பலேறிப் போனபின் அவர்களுக்கு வேறு வழியாக முட்டை வர இடமில்லையல்லவா? அந்த வைத்தியர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே கிணற்றில் தண்ணீர் குடித்து, அதே கடைத்தெருவில் உணவு வாங்கி, கப்பலேறாமல் இங்கேயே இருந்தவர்களுக்கு வந்த வலிப்பை அந்தக் காலத்து ராஜாங்கத்தில் யார் எண்ணினார்கள்? அவர்களைப் பூசாரியிடம் கொண்டுபோனார்கள், வேப்பிலை அடித்தார்கள்.

எண்ணியவர்கள் பிற்காலத்தில் நம் தமிழ்நாட்டிலேயே தோன்றினார்கள் என்பது எனக்குப் பெருமையளிக்கிற சங்கதி. 1980-களில் ஸ்கேன் யந்திரம் வந்த புதிதில், வலிப்புக் கண்ட நம் நாட்டு இளம்வயதினரின் மூளையில் ஒற்றைச் சிறு வட்டம் அடிக்கடி தென்பட்டது. க்ஷயரோகம் மலிந்த தேசமானதால், அது க்ஷயக் கட்டியாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்து, மாதக்கணக்கில் க்ஷய மருந்தைக் கொடுத்துவந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மாத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களுடைய சகாக்களும் அப்படிப்பட்ட கட்டிகளை அறுத்தெடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். க்ஷயத்தைக் காணோம், புழு இருந்தது. 1989-இல் லண்டன் லான்ஸெட் பத்திரிகையில் அதை வெளியிட்டார்கள். பிறகு, எந்த வட்டத்தை அறுக்காமலே புழுவென்று நிச்சயிக்கலாம் என்பதற்கும் இலக்கணம் வகுத்தார்கள். எத்தனை பேர் வேண்டாத மருந்திலிருந்தும் வேண்டாத அறுவையிலிருந்தும் தப்பினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. எங்கள் பெண்ணும் அவர்களில் ஒருத்தி.

வேலூர்க்காரர்கள் அதோடு நிற்கவில்லை. அந்த ஜில்லாவின் கிராமங்களிலும் பட்டணத்திலும் 50,000-க்கு மேற்பட்ட ஜனங்களை விசாரித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 4 பேர் வலிப்பு நோயால் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழு. அதாவது, கிரகதோஷமென்றும் குலதெய்வத்தின் கோபமென்றும் நாம் பயந்துகொண்டிருந்ததில் மூன்றில் ஒரு பகுதி, கழிப்பிடமும் சோப்பும் இருந்திருந்தால் வந்தே இராது.

பன்றி வளர்ப்பவர்களின் நிலைமை இன்னும் பரிதாபமானது. லக்னௌவுக்கு அருகே மோகன்லால்கஞ்ச் என்ற பகுதியில் பன்றி வளர்க்கும் குடியானவர்களைச் சோதித்து 2007-இல் வெளியான ஆராய்ச்சியில், நூற்றுக்கு 18 பேருக்கு மேல் நாடாப்புழு இருந்ததாகத் தெரிந்தது. முதல் அடி விழுவது அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் தலையில். நியூகினித் தீவின் மேற்கு மலைநாட்டில் நடந்தது அதைவிடக் கொடியது. 1970-களின் தொடக்கத்தில் பாலித் தீவிலிருந்து கொண்டுவந்த பன்றிகளோடு இந்தப் புழு அந்த மலைஜாதியாரிடம் நுழைந்தது. குளிருக்காகக் குடிசைக்குள் நெருப்பு மூட்டி அதைச் சுற்றிப் படுப்பது அவர்கள் வழக்கம். சில காலத்தில் ஆஸ்பத்திரிக்குத் தீக்காயத்தோடு வருகிறவர்கள் தொகை திடீரென்று பெருகிற்று. தூக்கத்தில் வலிப்புக் கண்டு நெருப்பில் விழுந்தவர்கள் அவர்கள்.

எங்கள் வீட்டுச் சமையற்கார அம்மாளின் விவகாரத்தை அந்தரத்தில் விட்டுவிட்டேன். அவளை அனுப்பிவிடுவது என்ற பேச்சு டாக்டரின் காதுக்கு எட்டியபோது அவர் எங்களுக்கு ஒரு கதை சொன்னார். 1990-ஐ ஒட்டி, நியூயார்க் நகரத்தில் ஆசாரம் மிகுந்த யூதர்கள் நான்கு பேருக்கு இதே நோய் கண்டது. பன்றி இறைச்சியை அவர்கள் மதம் அடியோடு விலக்கியிருக்கிறது. நாலு பேரும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். விசாரித்ததில், அவர்கள் வீடுகளில் வேலை செய்த பெண்கள் நாடாப்புழு மலிந்த லத்தீன் அமெரிக்க தேசங்களிலிருந்து சமீபத்தில் வந்தவர்கள் என்று தெரியவந்தது. 1992-இல் இது பிரசுரமாயிற்று.

"பார்த்தீர்களா! நான் சொன்னேனே!" என்றாள் என் தம்பி மனைவி.

"அம்மா, வேலைக்காரியை அனுப்பிவிட்டால் அவள் வயிற்றுப் புழுவோடு இன்னொரு வீட்டுக்குப் போவாள். புழு இருந்தால் ஒரு வேளை மாத்திரையில் போய்விடும். முதலில் பரிசோதனை செய்யுங்கள். அவளுக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லோருக்கும்" என்றார் டாக்டர்.

எல்லோருக்கும் என்றதும் வீட்டில் ஒரு மௌனம் நிலவிற்று. அந்த அம்மாள் மட்டும் மறுப்புச் சொல்லவில்லை. "அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தவள் நான். என்ன சோதனை வேண்டுமானாலும் செய்யட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கும் எங்களில் ஒருவருக்கும் புழு இல்லை. ஓட்டலா, விடுதியா, பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற பண்டமா, எத்தனை வருஷத்துக்கு முன்பு, யாருடைய கை என்பது கடைசிவரையில் தெரியவில்லை. பெரும்பாலோர் விஷயத்தில் தெரிவதேயில்லையாம். அந்த அம்மாள் இன்றும் எங்கள் வீட்டில்தான் சமைக்கிறாள். ஆனால் அந்த ஒரு வாரம் எங்கள் முகத்தில் அவள் என்ன கண்டாளோ, அது முதல் எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் தனக்கென்று காப்பி ஊற்றிக்கொள்வதில்லை.

பெண்ணுக்குச் செய்த சிகிச்சை எளிதாகவே இருந்தது. இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. மூளைக்குள் புழு உயிரோடிருக்கும் வரையில் அநேகமாக ஒரு சத்தமும் செய்வதில்லை. உடல் அதைக் கண்டுகொள்ளாதபடி ஒளிந்து வாழ்கிறது. அது சாகத் தொடங்கும்போதுதான் சுற்றிலும் வீக்கம் கண்டு வலிப்பு வருகிறது. எனவே, புழுவைக் கொல்லும் மருந்தைக் கடையில் தானாகவே வாங்கி விழுங்குவது ஆபத்து. வீக்கத்தை அடக்கும் மருந்தோடு, டாக்டரின் கண்பார்வையில் கொடுக்க வேண்டும். வலிப்பைத் தடுக்கும் மாத்திரையை அவர் நிறுத்தச் சொல்லும் வரையில் ஒரு நாளும் விடக்கூடாது. இப்படி ஒற்றை வட்டமாக இருப்பவை பெரும்பாலும் மறைந்துபோகின்றன. எங்கள் பெண்ணுக்கு ஆறாம் மாதத்துப் படத்தில் வட்டத்தைக் காணோம். இரண்டாம் வருஷம் மாத்திரையும் நின்றது. எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. பல கொப்புளங்கள் உள்ளவர்கள், மூளையின் நீரோடும் வழி அடைபட்டவர்கள் படும் பாடு வேறு.

கல்யாணப் பேச்சு எழுந்தபோது பழைய சங்கடம் திரும்பி வந்தது. மறைத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பெண் மறுத்துவிட்டாள். "நான் திருடவில்லையே" என்றாள். 1976-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்பு வருகிறவரின் விவாகத்தை ரத்து செய்ய ஹிந்து விவாகச் சட்டமே இடங்கொடுத்திருந்தது. 1999-இல்தான் பார்லிமெண்ட் அந்த வார்த்தையை அடித்தது. சட்டப் புஸ்தகத்திலிருந்து போனது, ஜாதகக் கட்டோடு வீடு வீடாகப் போகிறவர்களின் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. ஒரு வரன் ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டதும் தட்டிப்போயிற்று. இரண்டாவதாக வந்தவர்கள் படங்களை வாங்கித் தங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டிவிட்டு, தேதி குறிக்க வந்தார்கள். அவர்களைப் பாராட்ட வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சாதாரணமாக நடக்கவேண்டிய காரியத்துக்குப் பாராட்டு எதற்கு என்பது என் தாழ்மையான கேள்வி.

1896-இல் ராஜ்கோட்டில் பிளேக் பயம் ஏற்பட்டபோது, காந்திஜி வீடு வீடாகச் சென்று கக்கூஸ்களைப் பார்வையிட்டார். ஏழைகள் தடை சொல்லவில்லை. பெரிய மனிதர்கள்தான் உள்ளே விடவில்லை. விட்ட இடங்களில் பெரிய வீட்டுக் கக்கூஸ்களே அதிக அசுத்தமாக இருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். 1901-இல் கல்கத்தாக் காங்கிரஸில், தொண்டர்கள் இது எங்கள் வேலையல்ல என்றபோது, துடைப்பத்தைத் தாமே எடுத்தார். சுயராஜ்யத்துக்கும் கழிப்பிடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அக்காலத்தில் சிரித்தவர்கள் உண்டு. 2014 முதல் நாடெங்கும் கோடிக்கணக்கில் கழிப்பிடங்கள் கட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம். கட்டியதைக் கழுவுவதற்குத் தண்ணீர் வருகிறதா, பள்ளிக்கூடத்துக் கழிப்பிடத்தில் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அதற்கடுத்த காரியம்.

பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் பன்றிகள் கூட்டங்கூட்டமாகத் திரிந்த நாட்களை எங்கள் பேட்டையில் வயதானவர்கள் நன்றாக அறிவார்கள். பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்று மனு எழுதுவதில் நாங்கள் எல்லோரும் சூரர்கள். அந்தப் பன்றி எதைத் தின்று அங்கே பிழைத்தது, அதை அங்கே யார் போட்டது என்று ஒரு மனுவிலும் எழுதியதில்லை.

பன்றிக்கும் இப்போது ஓர் ஊசி வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் சர்வகலாசாலையைச் சேர்ந்த லைட்டவ்லர்ஸ் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் கண்டுபிடித்த தடுப்பு மருந்து அது. ஆப்பிரிக்காவில் காமரூன் தேசத்துக் கிராமப் பன்றிகளுக்குப் போட்டுப் பார்த்ததில், புழு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கொப்புளம் அடியோடு தடைப்பட்டது. அதை விற்பனைக்குத் தயார் செய்தது நம் ஹைதராபாத்திலுள்ள இந்தியன் இம்யூனலாஜிகல்ஸ் என்னும் ஸ்தாபனம். தேசியப் பால்வள வாரியத்துக்குச் சொந்தமானது. 2016-இல் அனுமதி பெற்றது. பசுவுக்கென்று ஏற்பட்ட வாரியத்தின் பிள்ளை பன்றியைக் காப்பாற்றக் கிளம்பியிருப்பதைக் கேட்டு என் தாயார்கூடச் சிரித்தாள்.

ஆனால் ஒரு சிக்கல். கொப்புளம் உள்ள பன்றி இளைப்பதில்லை. நோயாளி போலத் தோன்றுவதுமில்லை. கசாப்புக்காரன் நாக்கைப் புரட்டிப் பார்த்துக் கொப்புளம் தட்டுப்பட்டால்தான் விலையைக் குறைப்பான். அரிஸ்டாட்டில் காலத்திலேயே கிரேக்கர் அறிந்திருந்த உபாயம் இது. இரண்டு தடவை ஊசி போடுவதற்குப் பன்றிக்காரர் தம் கைக்காசைச் செலவழித்தால், அதனால் பன்றியின் எடை ஒரு சேர்கூடக் கூடப்போவதில்லை. லாபம் அடைவது அவரல்ல. அவருடைய பன்றியை ஒருநாளும் தின்னப்போகாத, அவரை வாசற்படி ஏறவிடாத வீட்டுக் குழந்தையும் அந்த லாபத்தில் சேர்த்தி. அம்மைக்கும் வெறிநாய்க்கும் சர்க்காரே ஊசி போடுகிறது. இந்த ஊசியையும் கால்நடை ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடவேண்டும் என்று சாந்தோமிலிருந்து ஒரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. முதல் கையெழுத்து பக்கத்து வீட்டுப் பாட்டியாருடையது. இரண்டாவது கையெழுத்து என் தாயாருடையது.